விலை இறங்கிய டெப்: வாங்கலாமா, விடலாமா?

பெரும்போக அறுவடை முடிந்து நெல்லுக் காசு கைக்கு வரும் நாட்களில் திருகோணமலை நகரின் மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் கைத்தொலைபேசிக் கடைகளின் வாசலில் விலைக்குறைப்புப் பலகைகள் தொங்குகின்றன. பழைய விலையைச் சிவப்புக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் புதிய விலையைப் பெரிதாக எழுதியிருப்பார்கள். அவற்றுள் அதிகம் கண்ணில் படுவது ‘டெப்’ என்று நாம் சொல்லும் தட்டைக் கணனி. மூதூர் கிழக்கிலிருந்தும் குச்சவெளி, தென்னமரவாடிப் பக்கங்களிலிருந்தும் இடம்பெயர்ந்து, திரும்பிப் போயும் போகாமலும் வாழும் எமது குடும்பங்களில் பிள்ளைகள் இதனைக் கேட்கிறார்கள். பெற்றோர் எம்மிடம் கேட்பது வேறு: “இந்த விலைக்கு எடுக்கலாமா, அல்லது ஏமாற்றா?”

ஒரே சொல்லில் பதில் கூற இயலாது. விலை ஏன் இறங்கியது என்பதை அறிந்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். ஆகவே அதிலிருந்து தொடங்குவோம்.

விலை இறங்குவது ஏன்?

நெல்லின் விலை அறுவடை காலத்தில் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது. டெப் அப்படியல்ல. அது கடைக்கு வந்த நாளிலிருந்து அதன் மதிப்பு குறைந்துகொண்டே போகும் பொருள். ஒரு மொடல் வந்து ஒன்றரை வருடத்தில் அடுத்த மொடல் வருகிறது. பழையதைக் கடைக்காரர் தள்ளிவிட வேண்டும். இது நேர்மையான விலைக்குறைப்பு. வாங்குபவருக்கும் இதில் நன்மை உண்டு.

இரண்டாவது காரணம் டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபாவை அண்டியிருந்தது. அவ்வருடம் மே மாதத்தில் 360 ரூபா வரை சென்றது. பின்னர் படிப்படியாக இறங்கி 2025 இல் 300 ரூபாவை அண்டி நின்றது. 360 ரூபாக் கணக்கில் விலை போட்ட பொருளை 300 ரூபாக் கணக்கில் விற்கும்போது அது “குறைப்பு” போலத் தெரியும். உண்மையில் அது திரும்பி வந்த விலை மட்டுமே. மறுபுறம், பெறுமதி சேர் வரி 2022 இல் 8 வீதத்திலிருந்து 12, பிறகு 15 வீதமாகவும், 2024 ஜனவரி முதலாம் திகதி முதல் 18 வீதமாகவும் உயர்ந்தது. ஆகவே 2021 இல் அண்ணன் வாங்கிய விலையைச் சொல்லி இன்று பேரம் பேசுவது பயன் தராது. இன்னும் இறங்கட்டும் என்று காத்திருப்பதும் எப்போதும் இலாபமல்ல. செயற்கை நுண்ணறிவுக் கணனி நிலையங்கள் பெருமளவில் வாங்கியதால் 2025 இன் பிற்பகுதியில் உலகெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. அந்தச் சில்லு இல்லாமல் டெப் இல்லை.

மூன்றாவது காரணத்தைத்தான் எம்மவர்கள் கவனிக்க வேண்டும். கொம்பனி அந்தப் பொருளைக் கைவிட்டுவிட்டால் விலை செங்குத்தாக விழும். இதற்கு உலகறிந்த உதாரணம் 2011 இல் நடந்தது. எச்.பீ. என்ற அமெரிக்கக் கொம்பனி அவ்வருடம் ஜூலையில் ‘டச்பேட்’ என்னும் டெப்பை 499 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. ஏழு வாரம்கூட ஆகவில்லை. ஓகஸ்ட் 18 ஆம் திகதி அதன் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. சில நாட்களில் அதே பொருள் 99 டொலருக்கு வந்தது. சனம் முண்டியடித்து வாங்கியது. பொருள் பழுதானதல்ல. ஆனால் அது தனக்கென்று ஒரு தனி மென்பொருளில் இயங்கியது. அதற்குச் செயலிகள் எழுதுவோர் விலகிப் போனார்கள். வாங்கியவர்களிடம் நல்ல கண்ணாடியும் நல்ல பற்றரியும் இருந்தன; புதிதாக வந்த செயலிகளை அதில் போட முடியவில்லை. மாடு நல்ல மாடுதான், உழுவதற்கு வயல் இல்லை என்ற நிலை.

ஏழைகளுக்கென்றே செய்த டெப்

மலிவு டெப் என்ற பேச்சு எம் அயல் நாடான இந்தியாவில் ஒருமுறை பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பியது. 2011 ஒக்டோபர் 5 ஆம் திகதி புதுடில்லியில் அன்றைய கல்வி அமைச்சர் கபில் சிபல் ‘ஆகாஷ்’ என்னும் டெப்பை வெளியிட்டார். டேட்டாவிண்ட் என்ற கொம்பனி செய்து கொடுத்தது. அரசுக்கு ஏறத்தாழ 2,250 இந்திய ரூபா, மாணவருக்கு அதிலும் ஏறத்தாழப் பாதி. உலகின் மிக மலிவான டெப் என்று எல்லாரும் எழுதினார்கள்.

உள்ளே இருந்தது என்ன? 366 மெகாஹேர்ட்ஸ் வேகமுள்ள செயலி, 256 எம்.பி. நினைவகம், விரலால் தொட்டால் போதாமல் அழுத்த வேண்டிய ஏழு அங்குலத் திரை, மூன்று மணித்தியாலம் அளவே நிற்கும் பற்றரி. மாணவர்கள் பாவித்துப் பார்த்துவிட்டு, மெதுவானது, சூடாகிறது, திரை பேச்சுக் கேட்பதில்லை என்று முறையிட்டார்கள். 2012 நவம்பர் 11 ஆம் திகதி குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வெளியிட்ட இரண்டாவது ஆகாஷ் எவ்வளவோ மேல். மாணவர் விலை 1,130 ரூபா. ஆனாலும் சில ஆண்டுகளில் திட்டம் ஓய்ந்துபோனது.

இதனால் மலிவுப் பொருளே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆகாஷின் நோக்கம் நல்லது. விலையை முதலில் தீர்மானித்துவிட்டு, அந்த விலைக்குள் அடங்கும்வரை உள்ளே இருப்பதையெல்லாம் குறைத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் பாடம் படிக்க முடியாத பாட உபகரணம் ஒன்று கிடைத்தது. இன்று கடையில் பெயர் தெரியாத கொம்பனியின் டெப் அரைவிலைக்குக் கிடைக்கும்போது அதே கதைதான் சிறிய அளவில் நடக்கிறது. எமது நாட்டிலும் 2016 நவம்பரில் முன்வைத்த வரவு செலவுத் திட்டத்தில் உயர்தர மாணவருக்கும் ஆசிரியருக்கும் இலவச டெப் வழங்கும் யோசனை இருந்தது. அதனைச் சுற்றி எழுந்த வாதப் பிரதிவாதங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எமக்கு இது எதற்கு?

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வகுப்புகள் வட்ஸ்அப் வழியாக வந்தன. பல வீடுகளில் இருந்தது ஒரே ஒரு கைத்தொலைபேசி; அதுவும் அப்பாவுடன் வயலுக்கோ கடலுக்கோ போய்விடும். பிள்ளை இரவில்தான் பாடத்தைப் பார்த்தது. அந்த அனுபவத்தை வைத்துப் பார்த்தால், டெப்பின் முதல் நன்மை அதன் பெரிய திரை அல்ல. அது வீட்டிலேயே கிடப்பதுதான்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. 2006 இல் சம்பூரை விட்டு ஓடியவர்கள் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் வருடக் கணக்காக இருந்து 2015, 2016 இல்தான் ஊர் திரும்பினார்கள். ஓடும்போது எவரும் புத்தகம் எடுத்துச் செல்லவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின் வெள்ளத்தில் நனைந்த கொப்பிகளைப் பல வீடுகளில் வெயிலில் காயவைத்தார்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ்மொழிப் பாடநூல்களைத் தனது இணையத்தளத்தில் இலவசமாக இட்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் எல்லாப் பாடநூலும், கடந்தகால வினாத்தாள்களும் ஒரு சிறிய நினைவக அட்டையில் அடங்கும். காணி உறுதி, அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றின் படங்களும் அதிலேயே இருக்கலாம். ஆனால் டெப் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் ஒரே தடவையில் போய்விடும். ஆகவே படங்களின் இன்னொரு பிரதி வேறு வீட்டில், ஓர் உறவினரின் தொலைபேசியிலாவது இருக்கட்டும். மூலப் பத்திரத்துக்கு இவை ஈடாகா என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

திரையின் அளவு பற்றி ஒரு வார்த்தை. ஏழு அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளந்தது. ஏ4 தாளை அவ்வாறு அளந்தால் ஏறத்தாழ 14 அங்குலம் வரும். ஆகவே ஏழு அங்குல டெப்பில் ஏ4 பக்கம் ஒன்று, நீளத்திலும் அகலத்திலும் பாதியாகச் சுருங்கித்தான் தெரியும். கணித பாடத்தின் அடுக்குக்குறிகளைப் பிள்ளை கண்ணைச் சுருக்கித்தான் வாசிக்கும். பாடநூல் வாசிக்க என்று வாங்குவதானால் பத்து அங்குலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஏழு அங்குலம் வாங்கும் காசுக்குக் கொஞ்சம் பெரிய திரையுள்ள தொலைபேசி வாங்கிவிடலாம் என்பது எமது எண்ணம். அதைத் திருத்தக் கடையும் உண்டு, உதிரிப்பாகமும் உண்டு.

பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

கடைக்காரர் “பன்னிரண்டு ஜீ.பி. ரம்” என்பார். பெட்டியிலும் அப்படியே இருக்கும். சிறிய எழுத்தில் “4+8” என்று போட்டிருந்தால் உண்மையான நினைவகம் 4 மட்டுமே. மீதி எட்டும் சேமிப்பிடத்திலிருந்து கடனாக எடுப்பது. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த நாலு பேரையும் பார்த்துக்கொண்டு நிற்கும் எட்டுப் பேரையும் சேர்த்துப் பன்னிரண்டு கூலியாட்கள் என்று கணக்குச் சொல்வதைப் போன்றது. உண்மையான 2 ஜீ.பி. உள்ள டெப்பை இன்று வாங்க வேண்டாம். 2022 இல் வெளிவந்த அன்ட்ரொயிட் 13 இன் இலகு பதிப்புக்கே 2 ஜீ.பி. என்பது கீழெல்லை, கீழெல்லையில் தொடங்கும் பொருளுக்கு அடுத்த வருடத்துக்கு இடமில்லை. 4 ஜீ.பி. நினைவகம், 64 ஜீ.பி. சேமிப்பிடம் என்பவை இருந்தால் ஒரு மாணவர் மூன்று வருடம் சமாளிக்கலாம்.

அன்ட்ரொயிட் பதிப்பைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். விலை விழுந்த டெப்களுள் பல அதில்தான் அடிபடுகின்றன. பதிப்பு பழசானால் செயலிகள் ஒவ்வொன்றாக விடைபெறும். வட்ஸ்அப் 2025 ஜனவரி முதல் அன்ட்ரொயிட் 5 இற்கு முந்திய கருவிகளில் இயங்காது என்று நிறுத்திவிட்டது. அடுத்தடுத்த பதிப்புகளுக்கும் ஒருநாள் அதே கதி வரும். கருவியின் அமைப்புப் பகுதியில் “டெப் பற்றி” என்ற இடத்தைத் திறந்தால் பதிப்பும், கடைசிப் பாதுகாப்புத் திருத்தம் வந்த திகதியும் இருக்கும். அத்திகதி இரண்டு வருடத்துக்கு முந்தியதானால் கொம்பனி அதனை மறந்துவிட்டது என்று அறிக. விலை எவ்வளவு இறங்கினாலும் நாம் அதனை வாங்கச் சொல்ல மாட்டோம்.

பெயரில்லாக் கொம்பனிகளால் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2023 இல் இ.எஃப்.எஃப். என்னும் அமெரிக்க அமைப்பினர் இணையக் கடையில் விற்ற, சிறுவருக்கென்றே செய்த மலிவு டெப் ஒன்றைச் சோதித்தபோது, தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீய மென்பொருளின் தடயங்கள் உள்ளே இருந்ததைக் கண்டார்கள். வங்கிக் கணக்கு, அடையாள அட்டைப் படம் ஆகியவற்றை அத்தகைய கருவியில் வைப்பது வேலியில்லாத் தோட்டத்தில் ஆட்டைக் காவல் விடுவதாகும். பிளே ஸ்டோரைத் திறந்து, அமைப்புப் பகுதியின் அடியில் “சான்றளிக்கப்பட்ட கருவி” என்று வருகிறதா எனப் பாருங்கள். வராவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சிம் போடும் டெப்பானால் மேலும் ஒரு சோதனை. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 2025 ஜனவரி 29 முதல் தன்னிடம் பதிவான கருவிகளை மட்டுமே வலையமைப்பில் புதிதாக இணைக்க முடியும் என அறிவித்தது. பெட்டியில் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் இருக்கும். உங்கள் தொலைபேசியில் IMEI என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளி விட்டு அந்த இலக்கத்தையும் எழுதி 1909 இற்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதிவுள்ளதா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன்னர், கடைக்குள் நின்றே இதனைச் செய்யுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பும் டெப்பையும் அவ்வாறே விசாரித்துக்கொள்வது நல்லது. வைஃபை மட்டுமுள்ள டெப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு எப்போதும் ஒரு தொலைபேசியிலிருந்து இணைப்புக் கொடுக்க வேண்டும். தொலைபேசி வயலுக்குப் போனால் இணைப்பும் வயலுக்குப் போய்விடும்.

பற்றரியைச் சோதிக்க, திரையின் வெளிச்சத்தை முழுவதும் கூட்டி ஒரு காணொளியைக் கால் மணித்தியாலம் ஓட விடுங்கள். ஐந்து வீதம் குறைந்தால் ஐந்து மணித்தியாலம் நிற்கும் என்று கணக்கிடலாம். பத்து வீதம் குறைந்தால் வேண்டாம். வருடக் கணக்காகப் பெட்டிக்குள் காலியாகக் கிடந்த பற்றரி பாவிக்காமலே பழுதாகும். தேங்கிய சரக்கு மலிவாவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்சாரம் இன்னும் வராத வளவுகளில் பத்து வாற்றுச் சூரியத் தகடு ஒன்று, நல்ல வெயிலில், 5,000 எம்.ஏ.எச். பற்றரியை மூன்று நான்கு மணித்தியாலத்தில் நிரப்பும். தகட்டை வெயிலில் வைத்து, டெப்பை நிழலில் வையுங்கள்.

காசுக் கணக்கு

ஓர் உதாரணம் எடுப்போம். டெப் 24,000 ரூபா. உறையும் கண்ணாடித் தாளும் 2,000. மாதம் 1,000 ரூபா டேட்டா என்றால் இரண்டு வருடத்துக்கு 24,000. மொத்தம் 50,000. நெல் சந்தைப்படுத்தும் சபை 2025 பெப்ரவரியில் நாடு நெல்லுக்கு அறிவித்த கிலோ 120 ரூபாவில் இது 416 கிலோவுக்குச் சற்று மேல். பலகையில் எழுதியிருந்தது 200 கிலோ நெல்லின் விலை மட்டுமே. மற்றப் பாதி பலகையில் இல்லை.

அந்த மற்றப் பாதியைக் குறைக்க வழி உண்டு. ஒரு மணித்தியாலக் காணொளி வகுப்பு அரை ஜீ.பி. முதல் ஒரு ஜீ.பி. வரை குடிக்கும். ஆனால் பாடநூலை ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு அதனை வாசிக்க ஒரு சதமும் செல்லாது. பாடசாலையிலோ பங்கு மண்டபத்திலோ வைஃபை உள்ள இடத்தில் மாதத்துக்கு ஒருமுறை இறக்கிக்கொண்டு வீட்டில் இணைப்பில்லாமல் படிக்கும் பிள்ளைக்கு மாதச் செலவு மிகச் சிறியது.

தவணைக்கு எடுப்பதை நாம் கண்டிப்பாக எதிர்க்கிறோம். 24,000 ரூபாப் பொருளுக்கு முற்பணம் 4,000, பிறகு பன்னிரண்டு மாதம் 2,350 என்றால் கொடுப்பது 32,200. விலைக்குறைப்பு எங்கே போயிற்று? எமது பெண்கள் நுண்கடனில் பட்ட பாட்டை எழுத வேண்டியதில்லை. 2018 இல் வறட்சியால் பாதித்த 12 மாவட்டங்களின் பெண்களது ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டி வந்தது. விதைநெல்லுக்கும் பசளைக்கும் வைத்த காசிலும் கை வைக்க வேண்டாம். அடகு வைத்த நகையை மீட்கும் முன் டெப் வேண்டாம்.

எங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறோம். பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளை உள்ள வீடு, கையில் கடனில்லாக் காசு, பெயருள்ள கொம்பனியின் ஒன்றிரண்டு வருடப் பழைய மொடல், மேலே சொன்ன சோதனைகளில் தேறியது: இவை சேர்ந்தால் விலை இறங்கிய டெப்பை எடுக்கலாம், அது நல்ல கொள்வனவு. சிறு பிள்ளைகள் மட்டுமுள்ள வீட்டுக்கு அது விளையாட்டுப் பெட்டியாகவே முடியும். காசு போதாத இடத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு நல்ல பத்து அங்குல டெப்பை வாங்கி, சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு முறை வைத்துக் கொடுக்கலாம். இதில் சண்டை வருவது யார் கையில் உடைந்தது என்பதில்தான். ஆகவே திருத்தச் செலவுக்கு மாதம் நூறு ரூபாவீதம் ஆரம்பத்திலிருந்தே சேர்த்து, பொறுப்பாளர் ஒருவரின் பெயரில் எழுதிவைத்துவிடுங்கள்.

வாங்கும்போது “கொம்பனி உத்தரவாதமா, கடை உத்தரவாதமா” என்று கேளுங்கள். கடை உத்தரவாதம் அந்தக் கடை திறந்திருக்கும் வரைதான். ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமோ தொடர் இலக்கமோ எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. ஏமாற்றம் நேர்ந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். எழுத்து மூல முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டும் இலக்கம் ஒட்டிய பெட்டியும் அதற்கு வேண்டும். அதுவரை பெட்டியை அடுப்பெரிக்கப் போட வேண்டாம்.